காடு எவ்வளவு ஓசோன் குடிக்கும்?

"மரம் நடுங்க, காற்று சுத்தமாகும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுறோம். பேச்சு சரிதான். ஆனா காற்றைச் சுத்தம் செய்யும் மரத்துக்கு என்ன ஆகுது? ஓசோனை வைத்துப் பார்ப்போம்.

வானத்தின் உயரத்தில் இருக்கும் ஓசோன் நமக்குக் குடை. அதுவே தரையோரம் இருந்தால் நஞ்சு. வண்டிப்புகை, ஆலைப்புகை, சருகு கொளுத்தும் புகை எல்லாம் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது இது. 2005-ம் ஆண்டில் இந்தியா இதனால் சுமார் 35 லட்சம் டன் கோதுமையையும் 21 லட்சம் டன் அரிசியையும் இழந்ததாக புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்காங்க.

காடு குடிக்கும் ஓசோனை எப்படி அளக்கிறாங்க? அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் பிளாட்ஜெட் காடு இருக்கு. சாக்ரமெண்டோ நகரத்துப் புகை பகலில் அங்கே ஏறி வரும். பைன் மரங்களுக்கு மேலே கோபுரம் நட்டு, காற்று ஏறி இறங்குவதையும் அதிலுள்ள ஓசோனையும் நொடிக்குப் பல தடவை அளந்தாங்க. இறங்கும் காற்றில் ஓசோன் அதிகம், ஏறும் காற்றில் குறைவு. அந்த வித்தியாசம்தான் காடு எடுத்துக்கொண்டது.

அளவு எல்லா இடத்திலும் எடுக்க முடியாது. அதுக்குத்தான் கணிப்பு மாதிரி. 1989-ல் வெஸ்லி என்பவர் வகுத்த முறை நம்ம வாய்க்கால் கணக்கு மாதிரியே இருக்கு. மேலிருந்து காற்று இறங்குவது முதல் மடை. இலையை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் இரண்டாவது. மூன்றாவது மடை இலையும் மண்ணும். எந்த மடை குறுகலோ, அதுதான் பாய்ச்சலைத் தீர்மானிக்கும்.

மூன்றாவது மடையில் முக்கியமானது இலைத்துளை. கரியமில வாயுவுக்காக இலை வாயைத் திறக்கும்போது ஓசோனும் உள்ளே போய்த் திசுவை அரிக்குது. மண் காய்ந்தால் துளை மூடும். இலை தப்பும், ஓசோன் காற்றிலேயே நிற்கும். தண்ணி பாய்ச்சிய பயிர்தான் அதிகம் வாங்கிக்கும்.

பிளாட்ஜெட்டில் இன்னொன்றும் தெரிஞ்சது. 2000-ல் மரங்களைக் கலைத்து விட்டாங்க. இலை குறைந்தது, பைன் வாசம் கூடியது. ஓசோன் இழுப்பும் கூடியது! மரத்தின் வாசப் பொருளே ஓசோனோடு வினைபுரிந்து அதைத் தீர்க்குது என்பது உறுதியாச்சு. அதுக்காக வாசம் எல்லாமே நல்லதுன்னு சொல்ல முடியாது. தைலமரம் போன்றவை விடும் ஆவி, புகையுள்ள காற்றில் புது ஓசோனையே உண்டாக்கும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: மரம் வாங்கிக்கொள்ளும், ஆனா தன் உடம்பைக் கொடுத்து வாங்கும். நம்ம நெல்லும் அப்படித்தான். ஆகவே மரம் நடுவதோடு புகையையும் குறைக்கணும். என் கரும்புத் தோட்டத்தில் சோகையைக் கொளுத்துவதில்லை. பார்களுக்கு நடுவே மூடாக்காப் பரப்பிடுறேன். ஈரம் நிற்குது, களை அடங்குது. பக்கத்துக் காட்டுக்காரர்களிடமும் அறுவடைக்கு முன்னாடியே இதைப் பேசி வையுங்க. தீ வைத்த பிறகு பேசிப் பயனில்லை.