இரையும் இரக்கமும்

இறைவனுடைய படைப்பின் எழிலை வீட்டுக்குள் கொண்டுவரும் ஆசையே மீன் வளர்ப்பின் தொடக்கம். கண்டி, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மாத்தளை என நம் பகுதி எங்கும் வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. உழைத்துக் களைத்தவருக்கு அது ஆறுதல், முதியவருக்குத் துணை, குழந்தைகளுக்குப் படைப்பைப் பற்றிய முதற் பாடம். அதில் குற்றம் காண்பதற்கு ஏதுமில்லை.

ஆயினும் சில தொட்டிகளின் முன்னால் நடைபெறும் ஒரு காட்சி நம் மனச்சான்றைத் தொட வேண்டியதாகும். ஒஸ்கார், அரோவானா போன்ற ஊனுண்ணும் மீன்களை வளர்ப்போர் சிலர், அவற்றுக்கு உணவாகக் கப்பி மீன்களையும் சிறு தங்கமீன்களையும் உயிருடன் பொலித்தீன் பையில் வாங்கி வருகின்றனர். வீட்டாரும் அயலாரும் கூடுகின்றனர். பை கவிழ்க்கப்படுகிறது. துரத்தலும் விழுங்கலும் நடந்தேறப் பிள்ளைகள் கைதட்டுகின்றனர். கைத்தொலைபேசி அதனைப் படம் பிடிக்கிறது. இது வெறும் உணவூட்டலா? அல்லது வேறொன்றா?

“பூனை எலியைத் தின்பதும் கொக்கு மீனைக் கொத்துவதும் பாவமில்லை என்றால், என் தொட்டியில் ஒரு மீன் இன்னொரு மீனைத் தின்பது மட்டும் எப்படித் தவறாகும், சுவாமி?” என்று இளைஞர் கேட்பதுண்டு. நேர்மையான கேள்வி இது. இதற்கு நேர்மையாகவே விடை காண வேண்டும்.

இரை தேடும் உயிர்களைத் திருவிவிலியம் பழிப்பதில்லை. 104ஆம் திருப்பாடலில் சிங்கக்குட்டிகள் தம் இரைக்காக இறைவனையே நோக்குகின்றன. யோபு நூலின் 38ஆம் அதிகாரத்தில் காக்கைக் குஞ்சுகளின் பசிக்கும் அவரே உணவளிக்கிறார். நம் ஆண்டவர் மீனவர்களைச் சீடராக அழைத்தார். அவர்களின் வலைகளை நிறைத்தார். உயிர்த்தெழுந்த பின் அவர்கள் கொடுத்த மீன் துண்டை அவர்கள் முன்னிலையில் உண்டார். நம் தமிழ் மரபு போற்றும் சிபிச் சக்கரவர்த்தியும் புறாவைக் காத்தபோது பருந்தின் பசியைப் பொய்யென்று தள்ளிவிடவில்லை. பசியும் உண்மை, உயிரும் உண்மை என்று கண்டமையாலேயே அம்மன்னன் தன் தசையை அரிந்து கொடுத்தான். ஆகவே, ஊனுண்ணும் மீனுக்கு ஊன் கொடுப்பது பாவமன்று.

அப்படியாயின் சிக்கல் எங்கே இருக்கிறது? அக்குறணை ஊடாகப் பாய்ந்து மகாவலியைச் சேரும் பிங்கா ஓயாவை எண்ணிப் பாருங்கள். ஓடையில் வாழும் சிறு மீனுக்கு ஒளிந்துகொள்ளக் கல்லுண்டு, பாசியுண்டு, பெரிய மீன் நுழைய முடியாத ஆழமற்ற ஓரமுண்டு. வேட்டையாடும் மீன் பலமுறை முயன்று சிலமுறையே வெல்லுகிறது. கண்ணாடித் தொட்டியிலோ நான்கு சுவர்களையும் எழுப்பியவர் நாம். எந்த மீன், எத்தனை மீன், எந்த நேரம் என்று தீர்மானிப்பவரும் நாமே. தப்பும் வழியை அடைத்துவிட்டுப் பின்னர் “இது இயற்கை” என்று கூறி நம் பொறுப்பை இயற்கையின் தோளில் ஏற்றுவது நியாயமாகாது. அங்கே நடப்பது மனிதனின் செயல்; ஆகவே மனிதனின் மனச்சான்றே அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

“மீனுக்கு வலி தெரியுமா?” என்று சிலர் கேட்பர். 2003ஆம் ஆண்டில் லின் ஸ்னெடன் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஸ்கொட்லாந்தில் வானவில் ட்ரவுட் மீன்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவுகள் இங்கே கருதத்தக்கவை. ஆங்கிலேயர் நம் மலைநாட்டு ஓடைகளில் கொண்டுவந்து விட்ட அதே இன மீன் அது. அதன் முகத்தில் காயத்தையும் எரிவையும் உணரும் நரம்பு முனைகள் இருப்பதை அவர்கள் கண்டனர். உதட்டில் எரிவூட்டும் பொருள் செலுத்தப்பட்ட மீன்கள் உணவை நெடுநேரம் மறுத்தன. சில தம் உதடுகளைத் தொட்டியின் அடியிலிருந்த சரளைக் கற்களில் தேய்த்தன. மீன் உணரும் வலி மனிதர் உணரும் வலியை ஒத்ததா என்பதில் அறிஞரிடையே இன்றும் விவாதம் உண்டு. எனினும், ஐயம் இருக்கும் இடத்தில் இரக்கத்தின் பக்கம் சாய்வதே கிறிஸ்தவப் பண்பு. நம் நாட்டின் சட்டமும் இவ்வுயிரை மறந்துவிடவில்லை. விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், ‘விலங்கு’ என்னும் சொல்லுக்குள் அடைத்து வைக்கப்பட்ட மீனையும் சேர்த்தே பொருள் கூறுகிறது.

அடுத்து நாம் கேட்க வேண்டியது, இது தேவையா என்பதாகும். தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட ஒஸ்கார் மீன், அங்கே பூச்சிகளையும் நண்டு இறால் இனங்களையும் சிறு மீன்களையும் உண்டு வாழ்கிறது. தொட்டியில் வளர்க்கும்போது கடைகளில் விற்கும் உருண்டை உணவையும், கழுவி நறுக்கிய இறாலையும், இறந்த சிறு மீனையும் அது விரும்பி உண்ணும். உயிருள்ள இரைக்குப் பழகிய மீனையும் பொறுமையோடு மாற்றலாம். உடல்நலமுள்ள வளர்ந்த மீன் ஓரிரு நாள் பசியிருப்பதால் கெட்டுப்போகாது. பசித்தபின் இறந்த இரையை இடுக்கியால் பிடித்து நீரில் அசைத்துக் காட்டினால் நாளடைவில் ஏற்றுக்கொள்ளும்.

இன்னும் ஒன்று. இரைக்கென்று விற்கப்படும் மீன்கள் பெரும்பாலும் நெருக்கமாக அடைக்கப்பட்டவை. வெண்புள்ளி நோயும் ஒட்டுண்ணிகளும் அவற்றோடு சேர்ந்தே வீட்டுத் தொட்டிக்கு வருவதுண்டு. தங்கமீனின் உடலில் விற்றமின் பி1 சத்தைச் சிதைக்கும் நொதியம் உள்ளது; அதனையே தொடர்ந்து தின்னும் மீன் காலப்போக்கில் நோயுறும். ஆகவே, செல்லமாய் வளர்க்கும் மீனின் நலனைக் கருதினாலும் இப்பழக்கம் நன்மை தருவதில்லை. பொரித்த சில நாட்களேயான குஞ்சுகளும் வேறு சில மீனினங்களும் அசையும் நுண்ணிய உயிர்களையே உண்ணும் என்பது உண்மை. அத்தகைய தேவை நேரும்போது, வேண்டிய அளவே இட்டு, எஞ்சியதை அகற்றி, கூட்டம் கூட்டாது அக்கடமையை முடிக்கலாம். தேவைக்கும் வேடிக்கைக்கும் இடையே உள்ள கோடு இதுவே.

திருச்சபையின் போதனையும் இக்கோட்டிலேயே நிற்கிறது. 1992ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், உணவுக்காகவும் உடைக்காகவும் விலங்குகளைப் பயன்படுத்துவதை ஏற்கிறது. அதே நூலின் 2418ஆம் எண், தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்லுவதும் மனித மாண்புக்கே முரணானது எனக் கற்பிக்கிறது. 2015ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் படைப்பைப் பேணுவது குறித்து எழுதிய சுற்றுமடலில் இப்போதனையை மீண்டும் நினைவூட்டினார். மாண்பு இழப்பது மீனன்று, பார்த்து மகிழும் மனிதனே என்பதை இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். விலங்குகளிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் அதனையே காட்டுவான் என்று புனித தோமா அக்குவினார் எச்சரித்ததும் இதுபற்றியே.

புனித அகுஸ்தீனார் தம் நண்பர் அலிப்பியுசைப் பற்றிக் கூறும் நிகழ்ச்சி இதனைத் தெளிவாக்கும். ரோமாபுரியில் ஆயுதம் ஏந்திய அடிமைகள் ஒருவரையொருவர் வெட்டி மாயும் களியாட்டத்தை அலிப்பியுஸ் வெறுத்தார். நண்பர்கள் வலிந்து இழுத்துச் சென்றபோதும் கண்களை இறுக மூடிக்கொண்டார். திடீரென்று கூட்டம் ஆரவாரிக்க, ஆவலை அடக்க முடியாமல் கண்களைத் திறந்தார். அந்தக் கணமே இரத்தக் காட்சி அவரைப் பற்றிக்கொண்டது; பின்னர் மற்றவரையும் அங்கே அழைத்துச் செல்பவராக அவர் மாறினார். மனிதரின் சாவும் மீனின் சாவும் ஒன்றல்ல. எனினும் கண் எதில் இன்புறப் பழகுகிறதோ, அதனையே இதயம் நாளை நாடும். தொட்டியின் முன் நின்று கைதட்டும் நம் பிள்ளையின் இதயத்தில் எது விதைக்கப்படுகிறது என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி.

நம் அயலாரிடமிருந்தும் கற்க வேண்டியது உண்டு. அக்குறணையில் பெரும்பான்மையாக வாழும் இஸ்லாமிய சகோதரர், அறுக்கும் கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், ஆனால் அதனை விலங்கின் கண்முன் தீட்டலாகாது என்னும் நெறியைப் போற்றுகின்றனர். பௌத்த சகோதரர், அறுப்புக்குச் செல்லும் மாடுகளை விலைகொடுத்து மீட்டு உயிர்த்தானம் வழங்குகின்றனர். ஒரு சிட்டுக்குருவி விழுவதையும் விண்ணகத் தந்தை அறிவார் என்று கேட்டு வளர்ந்த நாம் இவர்களுக்குப் பின்தங்கலாமா?

எனவே, கிறிஸ்தவப் பெற்றோரே, பெரிய மீனொன்றை வாங்குமுன் சற்று நின்று எண்ணுங்கள். வளர்ந்தபின் ஓரடி நீளத்தையும் எட்டும் ஒஸ்கார் மீனுக்கு நம் தொட்டி போதுமா? உயிருள்ள இரையின்றி அதனை வளர்க்க நமக்குப் பொறுமை உண்டா? வளர்க்க முடியாமற் போனால் அதனை என்ன செய்வோம்? இக்கடைசிக் கேள்வி முக்கியமானது. அலங்கார மீனாக நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ‘கத்தி மீன்’ கொழும்பை அண்டிய நீர்நிலைகளில் புகுந்து, அங்குள்ள மீன்களைத் தின்று பெருகியுள்ளது. பிங்கா ஓயாவில் நாம் விடும் மீன் மகாவலியையும் அடையும். உலகில் வேறெங்கும் இல்லாத மீனினங்கள் வாழும் ஆறு அது. வேண்டாத மீனைக் கடைக்கோ வளர்க்க வல்ல ஒருவருக்கோ ஒப்படைப்பதே முறை.

மாத்தளை மாவட்டத்து வஹாகோட்டைத் திருத்தலத்துக்கு நம் குடும்பங்கள் பல திருப்பயணம் செல்வது வழக்கம். அங்கே நாம் வணங்கிச் செல்லும் புனித அந்தோனியார், ரிமினி நகரத்து மக்கள் செவிகொடுக்க மறுத்தபோது நீர்க்கரையில் நின்று மீன்களுக்கு இறைவார்த்தையை அறிவித்தார் என்பது மரபு. மீன்கள் தலையை உயர்த்திக் கேட்டனவாம். மனிதர் மறந்த செவிசாய்ப்பை மீன்கள் கற்பித்த அக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பின்னர் நறுக்கிய உணவை அவர்கள் கையிலேயே கொடுத்து மீனுக்கு இடச் செய்யுங்கள். பசித்த உயிருக்கு உணவளிப்பதில் உள்ள மகிழ்ச்சியை அவர்கள் அங்கே கண்டுகொள்வார்கள்.

அனைத்துயிர்க்கும் ஏற்ற வேளையில் உணவளிக்கும் தந்தையே, எங்கள் கையில் நீர் ஒப்படைத்த சிற்றுயிர்களிடமும் உமது இரக்கத்தைக் காட்ட எங்கள் குடும்பங்களுக்குக் கற்றுத் தாரும். ஆமென்.