பெட்டியில் இல்லாத பாறை

சிவில் பொறியியல் படிக்கிறேன் என்றால், “எப்போ வீடு கட்டித் தரப்போறே?” என்றுதான் உறவினர்கள் கேட்கிறார்கள். நானோ தொழிற்பயிற்சிக் காலத்தில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை. அணை கட்டவிருந்த ஓர் ஆற்றங்கரையில் பாறைத் துண்டுகளை அளந்துகொண்டிருந்தேன்.

அணையின் எடையையும் தேங்கும் நீரின் தள்ளுவிசையையும் கடைசியில் தாங்குவது அடிப்பாறைதான். அதன் தரத்தை அறிய, வைரமுனைக் குழாயால் துளையிட்டு, உருளை உருளையாகப் பாறையை எடுத்துப் பெட்டிகளில் அடுக்குவார்கள். குறைந்தது 10 செ.மீ. நீளமுள்ள துண்டுகளை மட்டும் கூட்டி, துளையிட்ட நீளத்தால் வகுத்தால் வரும் விழுக்காடே ‘ஆர்.கியூ.டி.’. 1960களில் அமெரிக்கப் பேராசிரியர் டான் டியர் உருவாக்கிய முறை இது. 90க்கு மேல் மிக நன்று, 75க்கு மேல் நன்று, 25க்குக் கீழ் மிக மோசம். துளையிடும்போது முறிந்ததை முறிவாகக் கணக்கிடக்கூடாது. புதிய முறிவு பளிச்சென்று இருக்கும். இயற்கைப் பிளவில் பெரும்பாலும் துருக்கறையோ களிமண்ணோ படிந்திருக்கும்.

ஒருநாள், 150 செ.மீ. துளையிட்டதில் 34, 31, 29, 26 என நான்கு நீளத் துண்டுகள் கிடைத்தன. மொத்தம் 120. “80 விழுக்காடு, நல்ல பாறை” என்று பெருமையாக எழுதினேன். துளையிடும் இயந்திரத்தை இயக்கிய அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, பெட்டியில இருக்கிறதைக் கூட்டிட்டே. இல்லாததை யாரு பார்க்கிறது?”

சில்லுகளைச் சேர்த்தாலும் 132தான் வந்தது. மீதி 18 செ.மீ. எங்கே? அந்த ஆழத்தில் துளையிலிருந்து திரும்பிய நீர் திடீரென மஞ்சளாகக் கலங்கியதை அவர் கவனித்திருந்தார். பாறைக்கு நடுவே இருந்த களிமண் படலத்தைத் துளையிடும் நீரே கரைத்துக்கொண்டு போயிருக்கலாம். என் கணக்கில் பிழையில்லை. ஆனால், மேலிருக்கும் பாறையைச் சறுக்க வைக்கக்கூடிய அந்த மெல்லிய படலத்தை 80 என்ற எண் காட்டவே இல்லை.

பிரான்சின் மல்பாசே அணை அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1959 டிசம்பர் 2 இரவு அது உடைந்து 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கான்கிரீட்டில் குறையில்லை. இடக்கரைப் பாறையின் பிளவுகளில் புகுந்த நீரின் அழுத்தம், கட்டும்போது யார் கண்ணிலும் படாத ஒரு பிளவுப்பெயர்ச்சியோடு சேர்ந்து, அடித்தளத்தையே பெயர்த்துவிட்டது.

என் அறிக்கையில் 80க்குப் பக்கத்திலேயே ‘18 செ.மீ. இழப்பு, நீர் மஞ்சள்’ என்று சேர்த்தேன். மறுநாள் அதே ஆழத்தில் ரப்பர் அடைப்பான்களை இறக்கி, அழுத்தத்துடன் நீரைச் செலுத்தி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டரைப் பாறை குடிக்கிறது என்று பார்த்தோம். பக்கத்தில் இன்னொரு துளையும் போட்டோம். இம்முறை அண்ணன் இயந்திரத்தை மிக மெதுவாக ஓட்டினார். பெட்டிக்கு இரண்டு விரற்கடை களிமண் வந்து சேர்ந்தது.