பெரும் தடுப்புப் பவளத்திட்டு வலயத் திட்டம்

பெரும் தடுப்புப் பவளத்திட்டு வலயத் திட்டம் என்பது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கரையை அடுத்துள்ள கடற்பூங்காவில் எந்தப் பகுதியில் எச்செயல்களுக்கு அனுமதி உண்டு என்பதை வரையறுக்கும் சட்டபூர்வமான திட்டம் ஆகும். இது 2004 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அறிவியல் தரவுகளையும் கணினி வரைபடங்களையும் கொண்டு பெருங்கடற்பரப்பு ஒன்றைத் திட்டமிட்டமைக்கு இது முக்கியமான எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான இப்பூங்காவின் பரப்பளவு ஏறத்தாழ 344,400 சதுர கிலோமீட்டர். 2004க்கு முன்னர் இதில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியிலேயே மீன்பிடித்தல் முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. அப்பகுதிகளும் பெரும்பாலும் பவளத்திட்டுகளைச் சார்ந்தே இருந்தன. ஆனால் பூங்காவின் பரப்பில் பவளத்திட்டுகள் சிறு பங்கே ஆகும். எஞ்சியவை கடற்புல் படுகைகள், மணற்பரப்புகள், ஆழ்நீர்ப் பகுதிகள் போன்றவை. திட்டுகளில் வாழும் மீன்களுள் சில, தம் இளம்பருவத்தைக் கடற்புல் படுகைகளிலும் அலையாத்திக் காடுகளிலும் கழிக்கின்றன. எனவே திட்டுகளை மட்டும் காப்பது போதுமானதன்று.

வரைபடம் உருவான முறை

இவ்வளவு பெரிய பரப்பு முழுவதிலும் உயிரினங்களைக் கணக்கெடுப்பது இயலாது. ஆகவே ஆழம், படிவுகள், கிடைத்த உயிரினத் தரவுகள், வல்லுநர் கருத்து ஆகியவற்றை இணைத்து 70 உயிர்ப்புவியியல் பகுதிகள் வகுக்கப்பட்டன. இவற்றுள் 30 பவளத்திட்டுப் பகுதிகள். 40 பிற பகுதிகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 விழுக்காட்டைக் காப்பது இலக்காக இருந்தது.

அடுத்து, பூங்கா 17,000க்கும் மேற்பட்ட சிறு அலகுகளாகப் பிரிக்கப்பட்டது. மார்க்சான் என்னும் மென்பொருள், இலக்கை நிறைவுசெய்து, மீனவர் முதலியோருக்கு ஏற்படும் இழப்பைக் குறைக்கும் அலகுத் தொகுப்புகளைத் தேடியது. எனினும் மென்பொருள் மாற்று வழிகளைக் காட்டியதேயன்றி முடிவைத் தரவில்லை.

பொதுமக்கள் பங்கு

2002, 2003 ஆம் ஆண்டுகளில் இரு கட்டங்களாக 31,000க்கும் மேற்பட்ட கருத்துரைகள் பெறப்பட்டன. இவற்றின் அடிப்படையில் பல எல்லைகள் மாற்றப்பட்டன. படகிலிருந்து இடங்காட்டிக் கருவி மூலம் அறிந்துகொள்ளும் வகையில், எல்லைகள் அகலாங்கு நெட்டாங்குகளால் குறிக்கப்பட்டன.

முக்கிய வலயங்கள்

- வெளிர்நீலம்: இழுவை வலை உட்படப் பெரும்பாலான மீன்பிடி முறைகளுக்கு அனுமதி உண்டு.
- அடர்நீலம்: இழுவை வலைக்குத் தடை.
- மஞ்சள்: வரையறுக்கப்பட்ட மீன்பிடிப்பு.
- பச்சை: மீன்பிடிக்கத் தடை, படகில் செல்லலாம், நீந்தலாம்.
- இளஞ்சிவப்பு: அனுமதியின்றி நுழையத் தடை.

விளைவுகளும் வரம்புகளும்

மீன்பிடி தடைசெய்யப்பட்ட பரப்பு ஏறத்தாழ 33 விழுக்காடாக உயர்ந்தது. தொழில் பாதிக்கப்பட்டோருக்கு அரசு நிதியுதவி வழங்கியது. பச்சை வலயங்களில் களவா இன மீன்கள் எண்ணிக்கையிலும் அளவிலும் கூடியிருப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

ஆயினும் வலய எல்லைகள் மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்துமேயன்றிக் கடல்நீர் வெப்பமடைவதைத் தடுக்க மாட்டா. 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த பெரும் பவள வெளிறல்கள் பச்சை வலயங்களையும் பாதித்தன.