அடுப்பில் இடத் தகாதவை

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களில் உள்ள பெரிய வீடுகள் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எனப் பல பகுதிகளாக நீண்டு செல்வன. பருமாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தளக்கற்களும் அழகு செய்யும் முன்பகுதியைக் கடந்து சென்றால், வீட்டின் பின்புறத்தில் அடுப்படி தோன்றும். அடுப்புப் புகை மற்றைய அறைகளிற் புகாமல், திறந்த முற்றத்தின் வழியே வெளியேறுதற்கு இவ்வமைப்புத் துணைசெய்தது.

இன்று பெரும்பாலான வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. எனினும், விறகடுப்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. நீராடுவதற்கு வெந்நீர் காய்ச்சவும், திருமணங்களில் கோட்டையடுப்பு மூட்டிப் பெருஞ்சமையல் செய்யவும் விறகு இன்னும் பயன்படுகின்றது. சமையலடுப்பில் நல்ல விறகையே இடும் மக்களும் வெந்நீரடுப்பைப் பற்றி அத்துணைக் கவலை கொள்வதில்லை. பிளாஸ்டிக் பைகள், பழஞ்செருப்பு, உடைந்த குழாய், வண்ணம் பூசிய பலகை முதலிய பலவும் அதனுள் சென்றுவிடுகின்றன. குப்பையும் ஒழிந்தது, வெந்நீரும் காய்ந்தது என்று மனம் நிறைவு கொள்கின்றது. குப்பை உண்மையாகவே ஒழிந்ததா என்பது ஆராயத்தக்கது.

நெருப்பு எப்பொருளையும் இல்லாமற் செய்வதில்லை; ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதே அதன் தொழில். மரம் பெரும்பாலும் கரி, ஹைடிரஜன், ஆக்சிஜன் என்னும் மூன்று தனிமங்களால் ஆயது. உலர்ந்த விறகு நல்ல காற்றோட்டத்தில் எரியும்போது அது கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறிச் செல்ல, சிறிதளவு சாம்பல் எஞ்சும். ஈர விறகோ நன்றாக எரியாது. வெப்பம் அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிற் செலவாகிவிடுவதால், கரும்புகையும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் மிகுதியாக உண்டாகும். விறகு, கரி, மண்ணெண்ணெய் முதலியவை வீடுகளில் எரிவதனால் எழும் புகைக்கு 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் இரையாயினர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. விறகின் புகையே இத்துணைத் தீங்கு செய்யுமாயின், தகாத பொருள்களின் புகையைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

மரங்களுள்ளும் அடுப்புக்கு ஆகாதன உண்டு. அரளியின் எல்லா உறுப்புகளும் நஞ்சுடையவை. தில்லை மரத்தின் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அதன் புகையும் கண்ணை உறுத்தும். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைக் கொப்புளிக்கச் செய்யும்; அவ்வோடு எரியும்போது எழும் புகை கண்ணுக்கும் மூக்குக்கும் பெருந்துன்பம் தரும். இவற்றின் இயல்பை மக்கள் பட்டறிவால் உணர்ந்து விலக்க இயலும். ஆயின், மனிதன் அண்மைக் காலத்தில் ஆக்கிய பொருள்களின் இயல்பை அறிய அறிவியலின் துணை வேண்டும்.

தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிகளின் மேலுறைகளும் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கினாற் செய்யப்படுகின்றன. பி.வி.சி.யின் எடையிற் பாதிக்கு மேற்பட்டது குளோரின் ஆகும். இக்குளோரின், உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தெடுக்கப்படுவது. அம்முறையைச் செம்மைப்படுத்தும் ஆராய்ச்சிகள் காரைக்குடியிலேயே, 1953ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் நிகழ்ந்துள்ளன. குழாய்க்குள் அடங்கிக் கிடக்கும் குளோரின், தீப்பட்டவுடன் ஹைடிரோகுளோரிக் அமில ஆவியாக வெளிப்பட்டுத் தொண்டையையும் நுரையீரலையும் புண்படுத்தும். அதில் ஒரு சிறு பகுதி டயாக்சின் என்னும் கொடிய நஞ்சாக மாறும். டயாக்சின் உடலின் கொழுப்பிற் புகுந்து, பல ஆண்டுகள் நீங்காமல் தங்கும். குப்பையை எரிப்பதற்கென்றே அமைந்த ஆலைகளில், புகையை 850 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில் இரண்டு விநாடிகளேனும் நிறுத்தி, பின்னர்த் தூய்மைசெய்து வெளிவிடுவர். வீட்டடுப்பில் அத்தகைய வெப்பம் சீராக நிலைப்பதில்லை. புகையைத் தூய்மைசெய்யும் கருவியும் இல்லை.

பிளாஸ்டிக்கைக் கண்டவுடன் அறிந்து விலக்கலாம். மரத்தின் தோற்றத்திலேயே மறைந்திருக்கும் நஞ்சை அறிவது எளிதன்று. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய காமேசம் என்னும் இந்திய அறிஞர், மரத்தைக் கறையானும் பூஞ்சையும் அரிக்காமற் காக்கும் மருந்தொன்றை 1933ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். அது செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் சேர்க்கை. வெள்ளைப் பாடாணத்தில் அடங்கியுள்ள நச்சுப்பொருளே ஆர்செனிக் ஆகும். இம்மருந்தை உறிஞ்சிய மரம் மழையிலும் வெயிலிலும் நெடுங்காலம் நிலைத்து நின்றமையால், அது பல நாடுகளிலும் பரவியது. ஆனால், மரத்தைக் காத்த அம்மருந்தே நெருப்பிற் பட்டபோது மக்களுக்குக் கேடு விளைத்தது.

அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலம் கடுங்குளிர் மிக்கது. அங்கே வீட்டை வெப்பப்படுத்துவதற்காக அறைக்குள்ளேயே விறகடுப்பு எரிப்பதுண்டு. அம்மாநிலத்தின் நாட்டுப்புறத்தில் வாழ்ந்த எண்மர் அடங்கிய குடும்பம் ஒன்று, மூன்றாண்டுகளாக மீண்டும் மீண்டும் நோயுற்றது. கண்ணெரிச்சலும் மார்ச்சளியும் தோற்புண்ணும் தசைப்பிடிப்பும் அவர்களை வருத்தின, தலைமயிரும் உதிர்ந்தது. குளிர்காலந்தோறும் நோய் மிகுந்தமையால், அதன் காரணம் அடுப்பில் இருந்தமை புலனாயிற்று. மருந்தூட்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகளை அவர்கள் விறகாக எரித்து வந்தனர். அவர்களுடைய மயிரிலும் நகத்திலும், அடுப்புச் சாம்பலிலும் ஆர்செனிக் மிகுதியாக இருந்தது. இச்செய்தி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1984ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நல்ல மரத்துண்டு வீணாகாமற் பயன்படட்டும் என்னும் சிக்கனமே அக்குடும்பத்துக்குப் பகையாயிற்று.

வண்ணம் பூசிய பழைய மரமும் இத்தகையதே. இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சம் பங்கில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2017 நவம்பரிலேதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வண்ணம் பூசப்பட்ட கதவுகளிலும் சாளரங்களிலும் ஈயம் மிகுந்திருத்தல் கூடும். செட்டிநாட்டில் பழைய வீடுகளை இடிக்கும்போது, வேலைப்பாடு மிக்க மரங்கள் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளை அடைகின்றன. எஞ்சிய வண்ணத் துண்டுகள் அடுப்பை அடைதல் கூடாது. ஈயம் எரிந்து அழிவதில்லை. புகையிலும் சாம்பலிலும் கலந்து நிற்கும். அச்சாம்பலாற் பாத்திரம் துலக்கினால் அது கையில் ஒட்டும். கீரைப் பாத்தியில் இட்டால் மண்ணிற் சேரும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் குன்றச் செய்யும் என்பது மருத்துவர் கண்ட உண்மை.

ஆதலின் அடுப்புக்கு உரியது, மருந்தும் வண்ணமும் படாத உலர்ந்த விறகே. சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டி நன்கு உலரவைத்தால், அது சிறந்த எரிபொருளாகும். தேங்காய் மட்டையும் பனையோலையும் உலர்ந்த நிலையில் ஏற்றவையே. பிளாஸ்டிக், இரப்பர், தோல், மின்கம்பி, ஒட்டுப்பலகை, வண்ண மரம் ஆகியவற்றைத் தனியே பிரித்து, குப்பை பெறவரும் தூய்மைப் பணியாளரிடம் அளித்தல் வேண்டும்.

அடுப்பின் அருகே குனிந்து ஊதுகுழலால் ஊதுபவரே அதன் புகையை முதலில் நுகர்கின்றார். பல இல்லங்களில் அவர் தாயாகவோ பாட்டியாகவோ இருப்பார். குழந்தைகளும் அவர் அருகிலேயே நிற்பர். அடுப்பில் ஒரு பொருளை இடுமுன், அதன் புகையை யார் நுகர்வார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வீட்டிலுள்ளோர் அனைவருடைய கடமையாகும்.