காய்ச்சலுக்கெல்லாம் அன்டிபயோட்டிக்கா?

மழைக்காலம் தொடங்கினால் லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருமல் சத்தம்தான். டிஸ்பென்சரிக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடுமே என்று நினைத்து, "அக்கா, போன மாசம் உங்க மகனுக்குக் குடுத்த குளிசை மிச்சம் இருக்கா?" என்று பக்கத்துக் காம்பராவில் கேட்கிறோம். ஹட்டன் டவுனுக்குப் போகிறவரிடம், "அந்தச் சிவப்பு மஞ்சள் குளிசையில நாலு வாங்கிட்டு வாங்க" என்று காசு கொடுத்தும் விடுகிறோம். கொடுப்பவர் மனசில் குற்றமில்லை. ஆனால் அந்தக் குளிசை பனடோல் மாதிரியானது அல்ல.

அது அன்டிபயோட்டிக், அதாவது நுண்ணுயிர்க்கொல்லி. பக்டீரியா என்ற கிருமியைத்தான் அது கொல்லும். தடிமன், சளிக்காய்ச்சல், டெங்கு எல்லாம் வைரஸ் கிருமியால் வருபவை. அவற்றுக்கு எத்தனை விழுங்கினாலும் பலன் இல்லை. சின்னப் பிள்ளைகளின் வயிற்றோட்டமும் பெரும்பாலும் அப்படித்தான். அதற்கு முதலில் தேவை ஜீவனி.

"பலன் இல்லாட்டிப் போகுது, கெடுதி ஒண்ணும் இல்லத்தானே?" என்று கேட்கலாம். இருக்கிறது. மலையில் புல் வெட்டியவர்களுக்கு இது லேசாக விளங்கும். இளம் புல்லை மட்டும் வெட்டிவிட்டு இலுக்கை வேரோடு விட்டால், அடுத்த மாதம் அந்த இடமெல்லாம் இலுக்குதான். நம் உடம்பிலும் எந்நேரமும் பக்டீரியாக்கள் உண்டு. தேவையில்லாமல் மருந்து எடுத்தால் அடங்கிப்போகிற கிருமி சாகிறது, அடங்காத கிருமி அந்த இடத்தைப் பிடித்துப் பெருகுகிறது. அது தன் வித்தையை மற்றக் கிருமிகளுக்கும் கடத்திவிடும். கை, தண்ணீர், கக்கூஸ் வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும். ஒரு குளிசைகூட விழுங்காத பிள்ளைக்கும் அந்தக் கிருமி வரலாம்.

பெனிசிலினை 1928இல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையிலேயே அளவு குறைத்து மருந்து எடுப்பதன் ஆபத்தைச் சொல்லி எச்சரித்தார். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் பரவத் தொடங்கிய தைபோயிட் காய்ச்சலுக்கு வழக்கமான மருந்துகள் அநேகமாக எதுவுமே கேட்கவில்லை. தைபோயிட் அசுத்தத் தண்ணீரால் வருவது. பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கும் நமக்கு அது தூரத்துக் கதை அல்ல.

காசநோயை எடுத்துக்கொள்வோம். சாதாரண காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. இரண்டு மாதத்தில் இருமல் குறைந்ததும், "சுகமாயிருச்சு, இனி என்னத்துக்கு?" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. உள்ளே மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிவிட்டால், பிறகு வேறு மருந்துகள், கடுமையான வைத்தியம். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு அதே காம்பராவில் படுக்கும் பிள்ளைகளுக்கும் அதே கிருமிதான் தொற்றும்.

மாடு வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மடிவீக்கத்துக்கு மருந்து போட்ட மாட்டின் பாலை, மிருக வைத்தியர் சொல்கிற நாள்வரை விற்கவும் கூடாது, வீட்டில் காய்ச்சவும் கூடாது.

மருந்து தராத டொக்டரை, "ஊசியும் போடல, குளிசையும் குடுக்கல, இவரெல்லாம் ஒரு டொக்டரா?" என்று நாம் ஏசுவதும் உண்டு. எங்கள் கணக்கில் அவர்தான் நல்ல டொக்டர். நம் நாட்டில் டொக்டரின் துண்டு இல்லாமல் பாமசியில் அன்டிபயோட்டிக் விற்பது சட்டப்படி குற்றம்.

அடுத்த முறை மருந்து வாங்கும்போது, "இது அன்டிபயோட்டிக்கா? எத்தனை நாள், எத்தனை மணிக்கு ஒருக்கா?" என்று கேளுங்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாமல் முன்பு உடம்பில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கரைத்த பாணி மருந்தை, போத்தலில் எழுதிய நாளுக்குப் பிறகு வைத்திருக்க வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, பேரைப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.