சர்க்கரை நோயும் குடும்பச் செலவும்



சர்க்கரை நோய் என்கிற நீரிழிவு, இன்று வந்து நாளை போகிற காய்ச்சல் அல்ல. வந்துவிட்டால் ஆயுள் முழுவதும் கூடவே இருக்கும். அதனால் அதன் செலவும் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். விதைப்புக் காலம், பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், கல்யாணம், காதுகுத்து என்று கையில் காசு குறையும்போது, பல வீடுகளில் முதலில் நிற்பது சர்க்கரை மாத்திரைதான். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, ரெண்டு மாசம் கழிச்சு வாங்கிக்கலாம்" என்பார்கள். இருவருக்கும் நோய் இருக்கும் வீட்டிலோ, "அவருக்கு இருந்தா போதும்" என்று மனைவி தன் மாத்திரையை வாய் திறவாமல் விட்டுவிடுகிறார்.

இப்படி மிச்சம் பிடிப்பது உண்மையில் மிச்சம்தானா? சற்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்?

இரத்தத்தில் சர்க்கரை கூடினால் உடனே வலி தெரியாது. ஆனால் கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவற்றிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்களை அது ஓசைப்படாமல் கெடுத்துக்கொண்டே இருக்கும். பார்வை மங்கிய பிறகோ, காலில் புண் ஆறாமல் போன பிறகோதான் தெரியவரும். சிறுநீரகம் செயலிழந்தால் இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் 2 அல்லது 3 முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும் பஸ் செலவு உண்டு. துணைக்கு ஒருவர் போக வேண்டும். இருவரின் கூலியும் போகும். மாத்திரையில் மிச்சம் பிடித்த காசு, நூறு மடங்காக வெளியே போய்விடும்.

காசு கொடுக்காமலே கிடைப்பவை

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் சர்க்கரைப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். டாக்டர் எழுதினால் இன்சுலினும் அப்படியே. பெயரைப் பதிவு செய்து நோய்ப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். நடமாட முடியாத பெரியவர் வீட்டில் இருந்தால் உங்கள் ஊர் செவிலியரிடம் சொல்லி வையுங்கள்.

வெளியில் வாங்க நேர்ந்தால், மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விலை குறைவு. மெட்பார்மின் என்பது மருந்தின் பெயர்; அதையே பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன. மேலட்டை மாறினாலும் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். "இதே மருந்தை மலிவான பெயரில் எழுதித் தர முடியுமா, ஐயா?" என்று டாக்டரிடம் கேட்பதில் குற்றமில்லை. ஆனால் அவரைக் கேட்காமல் நீங்களாக மாற்ற வேண்டாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பெறலாம். பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆபத்து வருவதற்கு முன்பே அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காசு எங்கே வீணாகிறது?

"ஒரே மண்டலத்தில் சர்க்கரை அடியோடு தீரும்" என்று சந்தையில் விற்கும் பொடியிலும் லேகியத்திலும் வீணாகிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் காசும் போகும், உடம்பும் போகும். சர்க்கரை நோயாளிக்கென்று விற்கும் விலை கூடிய பிஸ்கட்டும் மாவும் தேவையில்லை. நோயாளிக்குத் தனி உலை வைக்க வேண்டாம். சோற்றைக் குறைத்து, கீரை, காய், பருப்பு, சுண்டல் ஆகியவற்றைக் கூட்டினால் வீட்டார் எல்லோருக்கும் நல்லது. கேழ்வரகுக் களி, சப்பாத்தி என்றாலும் அளவு மீறினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பீடியையும் சாராயத்தையும் விட்டால் மடியில் காசும் தங்கும், காலில் இரத்த ஓட்டமும் காக்கப்படும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு

"ஊசி போட்டா பழகிப் போயிடும்" என்று அஞ்ச வேண்டாம். உடம்பில் குறைந்துபோன சத்தை ஈடு செய்வதுதான் இன்சுலின். குளிர்ப்பெட்டி இல்லையா? பெரிய மண்பானைக்குள் ஈர மணலைப் போட்டு, அதில் சிறு பானையை வைத்து, நீர் புகாத டப்பாவில் மருந்துப் புட்டியை அதனுள் வையுங்கள். பனிக்கட்டி உறையும் அறையில் மட்டும் வைக்கக் கூடாது. உறைந்த மருந்து பயன்படாது. புட்டியில் 40 என்று போட்டிருந்தால் 40 அளவு ஊசியே வேண்டும். மாறினால் அளவு தவறி ஆபத்தாகும். திடீரென்று வியர்வை, நடுக்கம், மயக்கம் வந்தால், நினைவு இருக்கும்போதே 3 தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

ஒருவர் பாதத்தை ஒருவர் பாருங்கள்

நரம்பு மரத்துப்போனவருக்கு முள் குத்தினாலும் தெரியாது. தினமும் இரவில் கணவன் பாதத்தை மனைவியும், மனைவி பாதத்தைக் கணவனும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். விரல் இடுக்கையும் பாருங்கள். இதில் வெட்கம் என்ன? ஒரு காசும் செலவில்லாத இந்தப் பழக்கம் எத்தனையோ கால்களைக் காப்பாற்றும். வயலுக்குப் போனாலும் வெறுங்காலோடு போக வேண்டாம்.

தாய்மார்கள் கவனத்துக்கு

கருவுற்ற காலத்தில் சர்க்கரை இருந்து, பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்டால் அதோடு மறந்துவிடாதீர்கள். 6 வாரம் கழித்து ஒரு முறையும், பின்பு அவ்வப்போதும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு உங்களுக்கு அதிகம்.

இன்றிரவே இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். யாருடைய மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது? எது இலவசமாகக் கிடைப்பது, எதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்? அடுத்த பரிசோதனை எந்தத் தேதி? காசு போதவில்லை என்றால், மாத்திரையை நிறுத்துவதற்கு முன்பு சுகாதார நிலையத்துக்கு வந்து சொல்லுங்கள்; வழி இருக்கிறது. குடும்பத்துக்குக் கணவன் எவ்வளவு தேவையோ, மனைவியும் அவ்வளவு தேவை. இருவர் மாத்திரையும் தவறக் கூடாது.