குடியிருக்கும் வீட்டில் கொத்து வேலை

‘11’, ‘1-1’. இந்த இரண்டையும் அகரவரிசையில் அடுக்கினால் எது முன்னால் வரும்? பழைய லினக்ஸ் சர்வர் ஒன்றிடம் அமெரிக்க ஆங்கில வரிசைப்படி அடுக்கச் சொன்னால் ‘11’-ஐ முன்னால் வைக்கும். புதிய சர்வரோ ‘1-1’-ஐ முன்னால் வைக்கும். லினக்ஸில் ஏறக்குறைய எல்லாப் புரோகிராம்களும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரியின் பெயர் ஜிலிப்சி. 2018 ஆகஸ்டில் வந்த அதன் 2.28-ஆம் பதிப்பில், எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகளைச் சர்வதேசத் தரத்துக்கு ஏற்பத் திருத்தி எழுதினார்கள். அந்தச் சின்னக் கோடு இடம் மாறியது அப்போதுதான்.

திருத்தம் சரியானதுதான். ஆனாலும் அது பல டேட்டாபேஸ்களைச் சத்தமில்லாமல் கெடுத்தது. எப்படி என்பதை அறிய, ஒரு சர்வரின் இயங்குதளத்தை இருந்த இடத்திலேயே புதுப்பிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

சர்வரைப் புதுப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. புது இயந்திரத்தில் புது இயங்குதளத்தை நிறுவி, எல்லாவற்றையும் அங்கே குடிபெயர்ப்பது ஒன்று. இருக்கும் இயந்திரத்திலேயே பழையதை அகற்றிப் புதியதைப் பொருத்துவது இன்னொன்று. முதலாவதே பாதுகாப்பானது என்று பல நிர்வாகிகள் சொல்வார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பத்தாண்டுகளாக ஓடும் ஒரு சர்வரில் யார் எப்போது எதைச் செருகினார்கள் என்பது பெரும்பாலும் எங்கும் எழுதப்பட்டிருக்காது. நள்ளிரவில் பேக்கப் எடுக்கும் ஒரு சின்ன நிரல், எப்போதோ விலகிப்போன ஊழியர் எழுதிய ஒரு ஃபயர்வால் விதி, இவையெல்லாம் குடிபெயரும்போது தொலைந்துபோகும். அதனால் குடியிருந்தபடியே கொத்து வேலை பார்ப்பதைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்றும் ஏராளம். தள்ளிப்போடவும் முடியாது. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றுபோயின. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் அந்த சர்வர்களில் அடைபடாமலேயே கிடக்கும்.

இந்த வேலையைத் தொடக்கத்திலிருந்தே மதித்துச் செய்த இயங்குதளம் டெபியன். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கியது. தன் பெயரையும் அப்போதைய காதலி டெப்ராவின் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். அதன் பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ படப் பாத்திரங்களின் பெயர்களைச் சூட்டுவது வழக்கம். 2021-ல் புல்ஸ்ஐ, 2023-ல் புக்வார்ம், 2025-ல் டிரிக்ஸி. ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு இருந்த இடத்திலேயே தாவலாம். நடுவில் ஒன்றை விட்டுத் தாவுவதற்கு ஆதரவில்லை. புல்ஸ்ஐயில் இருப்பவர் டிரிக்ஸிக்குப் போக வேண்டுமானால் புக்வார்மில் இறங்கித்தான் ஏற வேண்டும். டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு இதே ஒழுங்குதான். விண்டோஸ் சர்வர் 2025 இதில் சற்றுத் தாராளம்: 2012 ஆர்2 பதிப்பிலிருந்தே நேராக அதற்கு ஏறலாம்.

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அடிப்படைக் கோப்புகளை எப்படி மாற்ற முடிகிறது? பதில், யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது. லினக்ஸில் கோப்பு வேறு, கோப்பின் பெயர் வேறு. பெயர் என்பது வாசலில் தொங்கும் பலகை மாதிரி. உள்ளடக்கம் டிஸ்க்கில் தனக்கென ஓர் எண்ணோடு இருக்கிறது. டெபியனின் பேக்கேஜ் நிறுவி புதிய கோப்பை ஒரு தற்காலிகப் பெயரில் பக்கத்திலேயே கொண்டுவந்து வைக்கும். முழுதும் வந்து சேர்ந்த பிறகு, ஒரே நொடியில் பலகையைக் கழற்றிப் புதியதன் வாசலில் மாட்டிவிடும். இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் புரோகிராம் புதியதைப் பெறும். ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட புரோகிராமோ பழையதையே பிடித்துக்கொண்டு எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். பழைய உள்ளடக்கத்தைக் கடைசியாகப் பிடித்திருப்பவர் கைவிட்ட பிறகுதான் டிஸ்க்கில் அந்த இடம் காலியாகும்.

அழகான ஏற்பாடு. பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு விதையும் இதுதான். நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் இறங்கி, பிழை ஏதும் இல்லாமல் திரை நின்றதும் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் அந்த நிமிடத்தில் டிஸ்க்கில் இருப்பது புதிய இயங்குதளம்; நினைவகத்தில் ஓடுவதில் பாதி பழையது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் முழுக்கப் பழையது, ரீபூட் செய்யும்வரை அது மாறாது. செவ்வாய்க்கிழமை அப்கிரேட் செய்துவிட்டு மூன்று வாரம் கழித்து மின்தடையில் ரீபூட் ஆன சர்வர் எழுந்திருக்க மறுத்தால், காரணம் மின்தடை என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்பார்கள். அப்கிரேட் முடிந்ததுமே, ஆள் பக்கத்தில் இருக்கும்போதே, ரீபூட் செய்து பார்க்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

2020 ஜூலையில் இதே போன்ற ஒரு நிலை பெரிய அளவில் வந்தது. அது முழு அப்கிரேட் அல்ல, ஒரு பாதுகாப்புத் திருத்தம்தான். கணினியைத் துவக்கி வைக்கும் ‘கிரப்’ என்ற நிரலில் ‘பூட்ஹோல்’ எனப்பட்ட ஓட்டை வெளிப்பட்டது. அதை அடைக்கும் பேக்கேஜும் உடனே வந்தது. பழைய வகை பயாஸ் இயந்திரங்களில் கிரப் இரண்டு துண்டாக இருக்கும்: ஒரு துண்டு டிஸ்க்கின் தலைப்பகுதியில், எந்தக் கோப்பாகவும் இல்லாமல், மற்றது வழக்கமான கோப்புகளாக. டிஸ்க் மாற்றப்பட்ட இயந்திரங்களிலும், நகலெடுத்து உருவாக்கப்பட்ட சர்வர்களிலும், தலைப்பகுதியை எந்த டிஸ்க்கில் எழுத வேண்டும் என்று பதிவாகியிருந்த தகவல் காலாவதியாகியிருந்தது. கோப்புகள் புதிதாயின, தலை பழையதாகவே நின்றது. ரீபூட் செய்தபோது ‘கிரப்_காலக்’ என்ற பெயர் கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரிப் புகாரோடு திரை நின்றுவிட்டது. புதிய கோப்புகள் கேட்ட ஒன்றைப் பழைய தலை அறிந்திருக்கவில்லை. மீட்பு வட்டிலிருந்து துவக்கி, சரியான டிஸ்க்கில் கிரப்பை மறுபடி எழுதினால் பத்து நிமிட வேலை. காரணம் தெரியாதவருக்கு அது ஓர் இரவு.

புதியது கேட்பதைப் பழையது அறியவில்லை, அல்லது பழையது சொல்வதைப் புதியது அறியவில்லை. சர்வர் அப்கிரேட்டில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றுதான். வேலையின் நடுவே டெபியனும் உபுண்டுவும் கேட்கும் ஒரு கேள்வியிலேயே இது தொடங்கிவிடும். ‘இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா?’ பெரும்பாலோர் தங்களுடையதை வைத்துக்கொள்வார்கள். உழைத்து அமைத்ததை யார் இழக்க விரும்புவார்? உபுண்டு 18.04-லிருந்து 20.04-க்குப் போனவர்கள் இதன் பலனைப் பார்த்தார்கள். அந்தத் தாவலில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் 5.7-லிருந்து 8.0 ஆனது. 8.0-ல் ‘குவெரி கேச்’ என்ற வசதியையே எடுத்துவிட்டார்கள். உபுண்டுவின் பழைய அமைப்புக் கோப்பிலோ அதற்கான வரி அப்படியே இருந்தது. அந்த வரியைக் கண்டதும், தனக்குத் தெரியாத பெயர் என்று சொல்லி மைஎஸ்க்யூஎல் துவங்க மறுத்தது. லாக் கோப்பைத் திறந்தால் காரணம் ஒரே வரியில் இருக்கும். வரியை நீக்கினால் சரியாகிவிடும். திறந்து பார்க்காமல் மறுபடி மறுபடி துவக்கிப் பார்ப்பவர்களுக்குத்தான் நேரம் போகும்.

இப்படிக் கத்தும் பிழைகள் நல்லவை. மௌனமாக நிற்பவை தொல்லை தருபவை. 2015-ல் வந்த டெபியன் 8-ல் அப்பாச்சி வெப்சர்வர் 2.2-லிருந்து 2.4-க்கு மாறியது. இணையதளங்களுக்கான அமைப்புக் கோப்புகளில் ‘.கான்ஃப்’ என்று முடியும் பெயருள்ளவற்றை மட்டுமே புதிய அப்பாச்சி படித்தது. முன்பு அப்படி ஒரு நிபந்தனை இல்லை. பெரும்பாலானவர்கள் தளத்தின் பெயரையே கோப்புக்கு வைத்திருந்தார்கள். அப்கிரேட் முடிந்தது, அப்பாச்சி துவங்கியது, பிழை எதுவும் வரவில்லை. ஆனால் தளங்களைக் காணோம். கோப்புகள் இருந்த இடத்தில் இருந்தன, படிக்க ஆளில்லை.

இனி அந்தக் கோட்டுக்குத் திரும்பலாம். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டேட்டாபேஸ், எழுத்துகளை வரிசைப்படுத்தும் பொறுப்பை வழக்கமாக ஜிலிப்சியிடம் விட்டுவிடுகிறது. பெயர்களை வேகமாகத் தேட அது ஒரு வரிசைப்பட்டியலை டிஸ்க்கில் எழுதி வைத்திருக்கும். ஓர் அகராதியைப் புள்ளி எழுத்து முன்னால், உயிர்மெய் பின்னால் என்று அச்சிட்டுவிட்டு, தேடுபவருக்கு மட்டும் உயிர்மெய்தான் முன்னால் என்று கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும்? சொல் அகராதியில் இருக்கும். அவர் வேறு பக்கத்தைப் புரட்டிவிட்டு இல்லை என்பார். டெபியன் 9-லிருந்து 10-க்குப் போனபோது ஜிலிப்சி 2.24-லிருந்து 2.28 ஆனது. பட்டியல் பழைய விதிப்படி, தேடுபவர் புதிய விதிப்படி. இருக்கும் வாடிக்கையாளரைத் தேடினால் இல்லை என்று பதில் வரும். இல்லை என்று நம்பிப் புதிதாகச் சேர்த்தால், ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாது என்று கட்டுப்படுத்திய இடத்திலும் இரண்டாவது நுழைந்துவிடும். எந்த லாகிலும் ஒரு வரிகூட இராது.

தரவு முழுவதையும் வெளியே எடுத்துப் புது இடத்தில் மறுபடி ஏற்றியவர்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. ஏற்றும்போது பட்டியலும் புதிதாக எழுதப்பட்டது. டேட்டாபேஸ் கோப்புகளை இருந்த இடத்திலேயே விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். மருந்து எளியது: எழுத்துகளை வைத்துக் கட்டிய பட்டியல்கள் எல்லாவற்றையும் மறுபடி கட்டச் சொல்லும் ஒரே கட்டளை. ஆனால் அதற்குள் நுழைந்துவிட்ட இரட்டைப் பதிவுகளை மனிதர்தான் ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்க வேண்டும். 2022-ல் வந்த போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 15, ஒவ்வொரு டேட்டாபேஸும் உருவானபோது இருந்த வரிசை விதியின் பதிப்பைக் குறித்து வைத்துக்கொண்டு, அது மாறினால் எச்சரிக்கிறது.

தொலைவில் இருக்கும் சர்வரைப் புதுப்பிப்பவருக்கு இன்னொரு பயம் உண்டு. வேலை நடுவில் இருக்கும்போது இணைப்பு அறுந்தால்? உபுண்டுவின் அப்கிரேட் கருவி இதற்காகவே 1022 என்ற எண்ணில் இரண்டாவது நுழைவாசல் ஒன்றைத் தற்காலிகமாகத் திறந்து வைக்கும். ஃபயர்வாலிலும் அந்த எண்ணை அனுமதித்திருந்தால்தான் அது உதவும். வேலை பாதியில் நின்றாலும் பதற்றம் தேவையில்லை. ஒவ்வொரு பேக்கேஜும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, பிரித்துவைத்த நிலையிலா, அமைத்து முடித்த நிலையிலா, என்று டெபியன் குறித்து வைத்திருக்கும். நின்ற இடத்திலிருந்து தொடரச் சொல்ல ஒரு கட்டளை போதும்.

இந்த வேலையின் உச்சம் என்று கூகுளின் முயற்சியைச் சொல்லலாம். அங்கே ஆயிரக்கணக்கான சர்வர்கள் ரெட் ஹேட் 7.1-ஐ அடிப்படையாகக் கொண்ட ஒரு பழைய அமைப்பில் ஓடின; அது 2001-ஐச் சேர்ந்தது. பத்தாண்டு புதிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட அமைப்புக்கு அவற்றை மாற்றிய விதத்தைப் பொறியாளர் மார்க் மெர்லின் 2013 நவம்பரில் வாஷிங்டனில் நடந்த லிசா மாநாட்டில் விவரித்தார். அவர்கள் ஒரே இரவில் தாவவில்லை. திரையே இல்லாத சர்வர்களில் தேங்கிக் கிடந்த எழுத்துருக்கள் போன்ற சுமைகளை முதலில் இறக்கினார்கள். டெபியனிலிருந்து எடுத்த பேக்கேஜ்களைப் பழைய அமைப்புக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றி, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக அதற்குள்ளேயே நுழைத்தார்கள். ஜிலிப்சியும் அப்படித்தான் ஓடும் சர்வர்களில் மாறியது. கடைசி மாற்றத்துக்கான நாள் வந்தபோது பழைய அமைப்புக்கும் புதியதற்கும் இடையே மாற்றுவதற்குக் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.